இரண்டும் மாற்றப்பட்டது

ஸ்பிளிட் பின் வருவனாங்குது. குறட்டுல புடிச்சு இழுத்தா தலை மட்டும் ஒடஞ்சு கையோட வருது, காலு ரெண்டும் போல்ட்டுக்குள்ளயே உக்காந்துட்டிருக்குது. அட கெரகமே. எடது பக்கத்துப் பின்னு ரெண்டு நிமிசத்துல வழுக்கிட்டு வந்துருச்சு, ஏன்னா அது வைகாசில நான் புதுசாப் போட்டது. இது ரெண்டு வருசத்துப் பின்னு. ரெண்டு வருசமா இந்த வலது பக்கத்த எவனும் தொறக்கல. எவனும்னா யாரு, நாந்தான், இந்தத் தகரக் கொட்டாய்ல என்னையத் தவிர வேற எவன் ஸ்பேனரத் தொடறான். துருவேறி ஒட்டிக் கெடக்குது பாரு, நல்லாப் பாரு நாச்சிமுத்து, நீ தொறக்கலங்கறதுக்கு இத விட வேற சாட்சி வேணுமா. கோர்ட்டுல கொண்டு போயி வச்சாக்கூட இந்த ஒடஞ்ச தலையே பேசும். ஆனா எவன் கோர்ட்டுக்குப் போறான், எவனும் கேக்கல, அதுதான் என்ர ரோதனையே. யாராச்சும் கேட்டுத் தொலைச்சிருந்தா நல்லாருந்திருக்கும். மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுட்டு ஊறட்டும்னு உக்காந்திருக்கேன். ஜாக்கி மேல வண்டி நிக்குது. ஏரோப்ளேன வண்டின்னுதான் சொல்லுவோம் நானும் சாரும். கொழாயும் துணியுமா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்னு ரெண்டு பேர் உக்கார்ற வண்டி, ஒரு எருமை கனங்கூட இருக்காது. சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தொங்குது. எடது சக்கரத்துக் காலுக்குப் புது ஸ்பிரிங் ஏறியாச்சு, வலது காலுக்கு ஏறோணும். மணி ஒம்பதே முக்கால். பதினோரு மணிக்கு சார் போன் பண்ணுவார்.

பதினோரு மணின்னா பதினோரு மணிதான், ஒரு நிமிசம் அக்கட்ட இக்கட்ட ஆகாது. பத்து மணிக்கு பிசியோப் பொண்ணு வந்து அவர் காலைத் தூக்கித் தூக்கி மடக்கிட்டுப் பதினொண்ணுக்குக் கெளம்பும், அது செருப்பு மாட்டறதுக்குள்ள இவர் போனைக் கையில எடுத்துருவார். ‘நாச்சி, எதுவரைக்கும் வந்திருக்குது?’ எழுபது நாளா இதே கேள்வி. நானும் எழுபது நாளா பதில் சொல்லிட்டிருக்கேன். ரெக்கைத் துணி மாத்திட்டிருக்கேனுங்க சார். வால் கம்பி வந்துருச்சுங்க சார். மூக்குச் சக்கரத்துக்குப் புது போர்க் போட்டாச்சுங்க சார். ‘சபாஷ், அவசரப்படாத, நான் எந்திரிச்சு வர்றதுக்கும் நீ முடிக்கறதுக்கும் சரியா இருக்கோணும்’னு சிரிப்பார். தெய்வசிகாமணி சார் சிரிச்சா போன்லயே காது கூசும், அப்படி ஒரு சிரிப்பு, சர்க்கரை மில்லுல முப்பது வருசம் மிசின் சத்தத்துக்கு மேல பேசிப் பழகுன தொண்டை. ஒம்பது வருசத்துக்கு முந்தி தாராபுரம் ரோட்டுல என்ர மொபெட் ஒர்க்சாப்புக்கு ஒரு கார்புரேட்டரத் தூக்கிட்டு வந்து, ‘இது எதுக்குள்ளதுன்னு சொல்லு பாக்கலாம்’னார். ஜெனரேட்டருங்களான்னேன். ‘ஏரோப்ளேனு’ன்னார். லூசுன்னு நெனைச்சேன். அடுத்த ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வந்து இங்க நிறுத்துனார், சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்டுட்டு மறந்து போன ஓடுதளம், ரெண்டு பக்கமும் வேலாமரம், நடுவுல மயிலு மேயுது, மேக்க வரிசையாக் கரண்டுக் காத்தாடி சுத்துது. நான் ஒர்க்சாப்புக்குத் திரும்பிப் போனது சாமான எடுத்துட்டு வரத்தான். வீட்டுக்காரி ஒரு மாசம் என்னோட பேசல. அந்த ஒரு மாசந்தான் என்ர பொழப்புலயே நான் நிம்மதியா இருந்ததுன்னு சாருகிட்டச் சொல்லி, அவர் சிரிச்ச சிரிப்புல மயிலெல்லாம் ஓடுச்சு.

பின்னு இன்னும் அசையல. சின்ன உளி வச்சுத் தட்டறேன், டக். அந்தச் சத்தம் வேண்டாமே. வேற எந்தச் சத்தமா இருந்தாலும் பரவால்ல, இந்த டக் மட்டும் வேண்டாம். ஆனி மாசம், காலைல ஏழே கால் இருக்கும், நான் இதே எடத்துல, வாசல்ல நின்னு டீ ஆத்திட்டிருந்தேன். சார் தனியா ஏறிட்டு வடக்க இருந்து எறங்கறார். மேகாத்து. வெள்ளைக்காரன் என்ன யோசனைல ஓடுதளத்தத் தெக்கு வடக்காப் போட்டானோ, ஆனி ஆடில மேக்க இருந்து காத்து வெலாவுலதான் குத்தும். சார் அதுக்குத் தக்க மாதிரி வலது ரெக்கையச் சாச்சுத்தான் வந்தார், வலது சக்கரம் மொதல்ல தரைய முட்டுச்சு, டக். ஸ்பிரிங் பூராவும் அமுங்கி வளையத்தோட வளையம் மோதுன சத்தம், நான் அத இருபது வருசம் வண்டிகள்ல கேட்டவன், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அப்பறம் எடது சக்கரம் விழுந்துச்சு, அது பந்து மாதிரி எகிறுச்சு, வலது எறங்குது எடது எகிறுது, அதுக்குள்ள காத்து ரெக்கைக்கு அடியில பூந்துருச்சு. அப்பறம் ஒண்ணுமில்ல. புழுதி. டீ டம்ளர் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஓடறேன், செருப்பு பிஞ்சு வெறுங்கால்ல வேலாமுள்ளுல ஓடறேன், வண்டி மூக்குக் குத்தி நிக்குது, சார் பெல்ட்டுல தொங்கறார், முழிச்சுத்தான் இருக்கார். ‘நாச்சி, பெட்ரோலை மூடு’ன்னார். மூடுனேன். ‘காலு மாட்டிருச்சா பாரு, எடுக்க முடியல’ன்னார். குனிஞ்சு பாத்தேன். காலு எதுலயும் மாட்டல. சும்மாதான் இருந்துச்சு. ‘ஆமாங்க சார், மாட்டியிருக்குது, அசையாதீங்க’ன்னு சொன்னேன். அன்னிக்கு ஆரம்பிச்ச பொய்யி.

அதுக்கப்பறம் ஆஸ்பத்திரி வராந்தாவுல கோகிலம்மா. சாரோட வீட்டம்மா, ஒம்பது வருசத்துல ஒரு தடவ கூட இந்த வண்டில ஏறாதவங்க, ஞாயித்துக்கெழமையானா பொட்டணத்துல எனக்கும் சேத்துப் புளிசாதம் கட்டிக் குடுக்கறவங்க. ஒரு மூலைக்குக் கூப்பிட்டு, ‘நாச்சிமுத்து, இடுப்புக்குக் கீழ இனி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அவர்கிட்டச் சொல்லல. சொன்னா அவர் இருக்க மாட்டார்’னாங்க. அழுகல. அழுதிருந்தா நானும் கூட அழுதுட்டு எல்லாத்தயும் கொட்டியிருப்பேன். ‘வண்டி ரெடியாயிட்டிருக்குதுன்னு மட்டும் நீங்க சொல்லிட்டே இருங்க. அத நம்பித்தான் அவருக்கு ரெண்டு வாய் சோறு எறங்குது’ன்னாங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்க. என்னைய. என்னையப் போயிக் கும்பிடறாங்களே, தாயி, யாரைக் கும்பிடறம்னு தெரியுமா உங்களுக்குன்னு நெனைச்சுட்டே, ‘சரிங்கம்மா’ன்னு மட்டும் சொன்னேன். சரிங்கம்மா. அந்த ஒரு சொல்லுதான் வாயில இருந்து வந்துது. அதுலருந்து பத்து நாள் வேலைய இருவது நாளா இழுத்தேன், துணிய ஒட்டிப் பிரிச்சு மறுபடி ஒட்டுனேன், ஒரு கம்பிக்கு மூணு நாள். புது ஸ்பிரிங் ரெண்டும் வந்து நாப்பது நாளாச்சு, அட்டைப் பெட்டியப் பிரிக்காம பீரோ மேல வச்சிருந்தேன். இன்னிக்குத் தள்ள வேற வேலை இல்ல. பெயிண்ட் கூட ரெண்டு கை அடிச்சாச்சு. இது முடிஞ்சா வண்டி முடிஞ்சுது. வண்டி முடிஞ்சா சாருக்கு என்ன சொல்றது, வாங்க ஏறுங்கன்னா?

வந்துருச்சு. பின்னோட காலு பொடிப் பொடியா வந்து விழுகுது. நட்டு எறங்குது, போல்ட்டைத் தட்டி உருவுனா வலது காலு கையில சாயுது, கைக்கொழந்தையத் தாங்கற மாதிரி தாங்கி பெஞ்சு மேல போடறேன். கையி பூரா பழைய கிரீசு. கிரீசுன்னதும், வண்டிக்குச் செய்யற வேலையும் பறக்கற கணக்கும் எழுதற லாக் புக்கு ஞாபகம் வருது, அதான் எல்லாத்துக்கும் மூலம். ஒரு தடவ வேலைய முடிச்சுட்டு அப்படியே போயி லாக் புக்குல எழுதி, பக்கம் பூரா கட்டை விரல் ரேகை. சார் பாத்துட்டு, ‘என்ன நாச்சி, பத்திரத்துல கைநாட்டு வச்ச மாதிரி இருக்குது’ன்னு கேலி பண்ணுனார். கேலிதான், திட்டக்கூட இல்ல. ஆனா எனக்கு ரோசம். அதுலருந்து ஒரு பழக்கம் புடிச்சேன், காலைல வந்ததும் கையி சுத்தமா இருக்கறப்பவே அன்னிக்குச் செய்யப் போற வேலைய எழுதி வச்சுட்டு அப்பறந்தான் ஸ்பேனர எடுக்கறது. பக்கமெல்லாம் பளிச்சுன்னு இருக்கும். சாருக்கும் தெரியாது, பக்கத்தப் பாத்து ‘தேறிட்ட நாச்சி’ம்பார். வைகாசி பதினெட்டாந் தேதியும் அப்படித்தான். எடது ஸ்பிரிங் கட்டையாயிருச்சு, புதுசு இருநூத்திப் பன்னெண்டு மில்லி இருக்கோணும், அது இருநூத்தி மூணுதான் இருந்துச்சு. ஒரு பக்கம் மாத்துனா மறு பக்கமும் மாத்தோணும், ஜோடியாத்தான் மாத்தறது, மொபெட்டுலயே எனக்குத் தெரிஞ்ச சங்கதி. ரெண்டு வரவழைச்சேன். காலைல குளிச்சுட்டு வந்த கையோட, திருத்தமா, ‘மெயின் சக்கர ஸ்பிரிங் இரண்டும் மாற்றப்பட்டது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எடதை மாத்துனேன். மத்தியானம் ரெண்டாவது பொட்டணத்தப் பிரிச்சேன். உள்வளையத்துல கடுகளவு துரு.

கடுகளவு. இதோ இருக்குதே, நிமிந்து பாத்தாத் தெரியுது, மேசை மேல லாக் புக்கு காத்துல பொரளாம இருக்க அதைத்தான் வச்சிருக்கேன், நாலு மாசத்துல அந்தத் துரு இன்னும் கடுகளவாத்தான் இருக்குது, ஒரு நூலு கூட வளரல. ஆனா அன்னிக்கு நான் யாரு, பெரிய இவன், துருப் புள்ளி இருந்தா அங்கதான் விரிசல் உடும், இத என்ர கையால போட மாட்டேன்னு ஒதுக்கிட்டேன். ஒதுக்குனது தப்பில்ல. அப்ப வண்டிய நிறுத்தியிருக்கோணும். வேற ஸ்பிரிங் வர்ற வரைக்கும் ஏறக் கூடாதுங்க சார்னு சொல்லியிருக்கோணும். சாயங்காலம் சார் வந்து வாசல்ல நிக்கறார், ஸ்பிரிங்குக்குன்னு பதினெட்டு நாளா தரையில கெடந்த மனுசன், ‘நாளைக்குக் காலைல ஏறலாமா நாச்சி?’ன்னு கேக்கறார். அந்த மொகத்தப் பாத்துட்டு எவனால முடியும். வலது பக்கத்தக் கண்ணால ஒரு பார்வை பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ‘ஏறலாமுங்க சார்.’ பெங்களூர்க்காரன் இன்னொண்ணு அடுத்த வாரம் அனுப்பறேன்னான், அதுக்கு அடுத்த வாரமுன்னான், நானும் அழுத்திக் கேக்கல. எங்களுக்குள்ள ஒரு முறை உண்டு, வண்டில யாரு கை வச்சானோ அவன்தான் மொதல்ல பின் சீட்டுல ஏறோணும், சார் போட்ட சட்டம், ‘உன்ர உசுரும் அதுல இருந்தாத்தான் நட்டு இறுகும்’பார். நானும் மறுநாள் ஏறுனேன். பதவிசா எறங்குச்சு. அடுத்த நாளும், அதுக்கடுத்த நாளும். பத்தொம்பது தடவ ஒண்ணும் ஆகல. பத்தொம்பது தடவ. லாக் புக்குல இருந்த வரிய அடிக்கோணும்னு ஒவ்வொரு நாளும் தோணும், பளிச்சுன்னு இருக்கற பக்கத்துல அடிச்சா அசிங்கமா இருக்கும், எப்படியும் அந்த ஸ்பிரிங் வந்ததும் நெசமாயிரும்னு விட்டுட்டேன்.

பழைய வலது ஸ்பிரிங்க வெளிய எடுத்தாச்சு. வேஸ்டு துணில தொடைச்சு, நீளம் அளக்க வெர்னியர் வைக்கறேன். இருநூத்தி நாலு. திருப்பி வைக்கறேன். இருநூத்தி நாலு. தலைகீழா வச்சு அளந்தாலும் இருநூத்தி நாலுதான், மாறிருமா பின்ன. எட்டு மில்லி கட்டை. இதுல என்ன தெரியுதுன்னா ஒரு எழவும் தெரியல. வைகாசிலயே இது இருநூத்தி நாலா இருந்திருந்தா, சாரோட முதுகெலும்ப ஒடைச்சது நான். வைகாசில இருநூத்திப் பத்தா இருந்து, அன்னிக்கு விழுந்த அடியில கட்டையாயிருந்தா, ஒடைச்சது காத்து. அன்னிக்கு அளந்திருந்தாத் தெரியும். அளக்கல. ஒரு நிமிச வேலை, இதே பெஞ்சு, இதே வெர்னியர், அளக்கல. கண்ணால பாத்தேன். இனி எந்த சாமி வந்து எறங்குனாலும் இதச் சொல்ல முடியாது, ஸ்பிரிங்குக்கு வாயில்ல. சார் இந்த வண்டில எத்தனை தடவ இதை விட மோசமான காத்துல எறங்கியிருக்கார், அப்ப எடது வலது ரெண்டும் ஒரே மாதிரி கெழடு, ஒரே மாதிரி எறங்கும். நான் ஒண்ணை மட்டும் புதுசு பண்ணித்தான் கெடுத்தேன். ஒண்ணுமே மாத்தாம விட்டிருந்தா ஒரு வேளை. ரெண்டையும் மாத்தியிருந்தா ஒரு வேளை. அந்தக் கடுகுத் துருவோடயே போட்டுத் தொலைச்சிருந்தா ஒரு வேளை இப்ப மணி பத்தரைக்கு சார் இந்தக் கொட்டாய் வாசல்ல நின்னுட்டு, என்ன நாச்சி வெர்னியரக் கொஞ்சிட்டிருக்கறன்னு கேட்டிருப்பார். காத்து காத்துன்னு எனக்கு நானே சொல்லிப் பாக்கறேன். எல்லாரும் காத்துன்னுதான் சொல்றாங்க. அந்த டக் சத்தத்தக் கேட்டது நான் ஒருத்தன்தானே.

புது ஸ்பிரிங்க அழுத்தி உள்ள ஏத்தறேன், கவ்வியோட ரெண்டு பக்கமும் சமமாத் திருகோணும், ஒரு சுத்து இங்க, ஒரு சுத்து அங்க, இல்லீன்னா தெறிச்சு மொகத்துல அடிக்கும். அடிக்கட்டும். சே, அடிச்சா யாரு போனை எடுக்கறது. இருநூத்திப் பன்னெண்டு, ரெண்டும் அளந்து பாத்தாச்சு, நாலு தடவ அளந்தாச்சு, இப்ப அளந்து என்னத்தப் புடுங்க. பறக்கவே போகாத வண்டிக்கு இத்தனை பதனம். தகரம் சூடேறி மேல சடசடங்குது, வேர்வை கண்ணுல எறங்குது. இன்னிக்குச் சொல்லிரோணும். எத்தனை இன்னிக்கு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு பஸ்ஸுல வர்றப்பவே கூட்டிக் கூட்டிப் பாத்துட்டேன். சார், ஒரு சங்கதிங்க. சார், உங்கள்ட்ட ஒண்ணு மறைச்சுட்டேனுங்க. சொன்னா என்னாகும். திட்டுவாரா, திட்டுனாத் தேவலை, என்ர பாரம் எறங்கிரும். ஆனா அது யாருக்கு நல்லது, எனக்குத்தான் நல்லது. அவருக்கு? எந்திரிச்சு நடந்துருவாரா? ‘நேத்து கால் கட்டை விரலு லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு நாச்சி’ன்னு போன வாரம் சொன்னாரே, அந்த மனுசன்கிட்ட இதையும் கொண்டு போயி எறக்கறதா. சொல்லலீன்னா நான் நானா இருக்க முடியாது. சொன்னா அவர் இருக்க மாட்டார், கோகிலம்மா சொன்ன மாதிரி. வீட்டுக்காரிகிட்டக் கூடச் சொல்லல, ‘ஏனுங்க, சோத்துல கைய வச்சுட்டே உக்காந்திருக்கறீங்க’ங்கறா, அவளுக்கு நான் சாருக்காக வருத்தப்படறேன்னு நெனப்பு. நல்ல மனுசன்னு பேரு வாங்கிட்டிருக்கேன். தூ.

போல்ட்டு போட்டு, நட்டு இறுக்கி, புதுப் பின்னு சொருகிக் கால மடக்கியாச்சு. சிவப்பு பெயிண்ட்டுல ஒரு கோடு, நட்டு நகந்தாத் தெரியறதுக்கு. எங்க நகரப் போகுது. ஜாக்கிய எறக்கறேன், மெதுவா, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, வண்டி தன்னோட கால்ல நிக்குது. மூணு மாசங்கழிச்சு நிக்குது, பாக்க அழகாத்தான் இருக்குது, நாசமாப் போறது. போன் அடிக்குது. பதினொண்ணு.

‘நாச்சி, எதுவரைக்கும் வந்திருக்குது?’ ஸ்பீக்கர்ல போட்டு ரெக்கை மேல வைக்கறேன். கையில கிரீசு. ஸ்பிரிங்குங்க சார், மாட்டி இப்பத்தான் வண்டிய எறக்குனேன். ‘ஆட்டிப் பாத்தியா?’ இனித்தானுங்க. ‘போனைச் சக்கரத்துகிட்ட வச்சுட்டு ஆட்டு. நான் கேக்கறேன்.’ கொழாயப் புடிச்சு முழு பாரத்தயும் போட்டு அமுக்கி விடறேன், கீச்சுன்னு எறங்கி, ஏறி, எறங்கி, நிக்குது. அந்தப் பக்கம் போயி மறுபடி அமுக்கறேன். அதே மாதிரி. ‘ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்’னார். ஆமாங்க சார். ‘இந்தத் தடவ ரெண்டையும் மாத்திட்டயா?’

கேட்டது வெளங்குனதும் சக்கரத்துகிட்டத் தரையில உக்காந்துட்டேன். ‘கோகிலா கீழ இருக்கறா, பிசியோப் பொண்ண அனுப்பிட்டு வர நேரமாகும். படுத்தே கெடக்கறனல்ல நாச்சி, எதையாச்சும் எண்ணிட்டேதான் இருக்கோணும். பொட்டியில ரெண்டு வந்துச்சு. அதுல ஒண்ணு மேசை மேல லாக் புக்கு மேல இருந்துச்சு, நானே அத எடுத்து வச்சுட்டுத்தான் எழுதுவேன், பத்தொம்பது தடவ எடுத்து வச்சிருக்கேன். என்ர மரமண்டைக்கு அப்ப எட்டல.’ சார், சார், நான் வந்துங்க, அந்த ஸ்பிரிங்குல ஒரு துரு இருந்துதுங்க, நான், ‘சொல்லாத.’ சார். ‘நாச்சி, சொல்லாத. நீ சொல்லிட்டீன்னா நான் அதுக்கு ஏதாச்சும் பதில் சொல்லோணும்.’ அழுகை வந்துருச்சு எனக்கு, அடக்க முடியல, அம்பத்திரண்டு வயசு ஆளு சக்கரத்தக் கட்டிப் புடிச்சுட்டு அழுதேன், அவர் எல்லாத்தயும் கேட்டுட்டே இருந்தார். அப்பறம் சன்னமா, மில்லுத் தொண்டையே இல்ல அது, ‘காலு வராதுன்னும் தெரியும். ரெண்டாம் மாசமே தெரியும். கட்டை விரலும் அசையல, ஒரு மண்ணும் அசையல. நான் உங்கிட்டத் தினம் இப்படிக் கேக்கறத வச்சுத்தான் அவளுக்கு ரெண்டு வாய் சோறு எறங்குது. அதனால முடிஞ்சுதுன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராத. நாளைக்கும் கூப்பிடுவேன். ஏதாச்சும் ஒரு வேலை பாக்கி இருக்கோணும்.’ படியில யாரோ ஏறற சத்தம் போன்ல கேட்டுச்சு. ஒடனே பெரிய தொண்டைல, ‘சபாஷ் நாச்சி, அவசரப்படாத!’ன்னு சிரிச்சுட்டு வச்சுட்டார்.

சரிங்க சார்னு வச்ச போனப் பாத்துச் சொன்னேன். துருப் புடிச்ச ஸ்பிரிங்க நகத்தி வச்சுட்டு லாக் புக்கத் தொறந்தேன். கையத் தொடைக்கல. ‘மெயின் சக்கர ஸ்பிரிங் இரண்டும் மாற்றப்பட்டது’ன்னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பழைய பக்கத்தப் பொரட்டிப் பாத்தேன், வைகாசி பதினெட்டு, அதே வரி, அதே கையெழுத்து, ஒரு சுழி கூட மாறல. இதுல மட்டும் ஓரத்துல என்ர கட்டை விரலு பதிஞ்சிருக்குது. அப்பறம் என்ன செய்யறதுன்னு தெரியல. முறைன்னு ஒண்ணு இருக்குதே, கை வச்சவன் மொதல்ல ஏறோணும்னு. பின் சீட்டுல ஏறி உக்காந்தேன், பெல்ட்டும் போட்டுக்கிட்டேன். முன் சீட்டு காலியா இருக்குது. நான் உக்காந்த பாரத்துக்கு வண்டி கொஞ்சம் எறங்குச்சு, எடதும் வலதும் சமமா எறங்கி நின்னுச்சு. வெளிய ஓடுதளத்துல மயிலு மேயுது. நாளைக்குக் காலைல வந்து எதையாச்சும் கழட்டோணும்.